நாலு புள்ளிப் பூட்டு

பூட்டு திறந்துகொண்டதும் பல் டாக்டர் செய்த முதல் காரியம், அதை அவசர அவசரமாகத் திரும்பப் பூட்டியதுதான். பூட்டிவிட்டு வாசலைப் பார்த்தாள். மதிய இடைவேளை. கிளினிக்கில் ஈ, காக்காய் இல்லை. மறுபடி சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டின் வளையம் 'டக்'கென்று துள்ளி எழுந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாவி போட்டால் பூட்டு திறக்கும், இதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அது அந்தப் பூட்டின் சாவி இல்லையே! அன்று காலையில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய வேறொரு பூட்டின் சாவி. ஏதோ ஒரு ஹாஸ்டலை இடித்தபோது வந்ததாம். கடைக்காரர் சாவியைக் கந்தல் துணியால் பூட்டோடு சேர்த்துக் கட்டித் தந்திருந்தார். இரண்டு பூட்டையும் அருகருகே வைத்து, பல் சுரண்டும் கம்பியால் சாவித் துவாரத்து அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தவள், உள்ளே சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கக் கைக்கு வந்த சாவியைச் சும்மா நுழைத்தாள். சும்மா நுழைத்ததுதான் வினையாகப் போயிற்று.

திறந்துகொண்டது எந்தப் பூட்டு என்று சொன்னால்தான் உங்களுக்கு விஷயம் புரியும். எண் 4117. அவள் குடும்பத்துப் பிள்ளைகள் நூறு வரை எண்ணப் பழகுவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுகிற எண். பல் டாக்டரின் தாத்தா, அப்பாவின் அப்பா, பித்தளைப் பூட்டு செய்து விற்றவர். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, பன்னிரண்டு ஆட்கள், முன்பக்கம் ஒரு கடை. அவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம். ஒவ்வொரு பூட்டின் நெற்றியிலும் ஓர் எண் குத்தியிருக்கும். ஆயிரக்கணக்கில் செய்தார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி என்று சொல்லித்தான் விற்றார். அவள் பிறப்பதற்குள் தாத்தாவும் போய்விட்டார், கொட்டகையும் போய்விட்டது.

ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், 4117 ஒரு ஜவுளி வியாபாரியின் கிடங்குக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. கிடங்குக்குப் பொறுப்பாளர் தாத்தாவின் மருமகன். அதாவது பல் டாக்டரின் அத்தையைக் கட்டிய மாமா. ஒருநாள் காலையில் அவர் போய்த் திறந்தால், உள்ளே நாற்பது கட்டுத் துணியைக் காணோம். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. தாத்தா கூண்டில் ஏறி, "என் பூட்டு ஒண்ணோட சாவி இன்னொண்ணுக்குச் சேராது, இதுக்கு இருந்தது ஒரே சாவி" என்று சத்தியம் பண்ணினார். பிறகு அத்தையைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. "சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கினதே இல்லை" என்றாள். புருஷனின் ஒழுங்கைப் பெருமையாகச் சொல்வதாக நினைத்துத்தான் பாவம் சொன்னாள். அப்பன் வாக்கும் மகள் வாக்கும் சேர்ந்து அந்த மனுஷரை மூன்று வருஷம் உள்ளே தள்ளின. வெளியே வந்தவர் எங்கோ போனார், எங்கோ செத்தார்.

மருமகன் செய்ததற்குக் கூலி போல ஜவுளி வியாபாரி அந்தப் பூட்டைத் தாத்தாவின் கடையில் விட்டெறிந்துவிட்டுப் போக, அத்தை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். பூட்டியபடியே. சாவி கோர்ட்டோடு போய்விட்டது. புருஷன் திருடன்தான் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தாள். அழுதாளோ இல்லையோ, யாரும் பார்த்ததில்லை. 'திருடன் பெண்டாட்டி' என்று யாராவது முணுமுணுத்தால், "நான் பூட்டுக்காரர் பொண்ணு" என்று நிமிர்ந்து நின்று சொல்லுவாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே எழுபத்தொன்பது வயது வரை வந்துவிட்டாள்.

இப்போது அந்தப் பூட்டு, முன்பின் தெரியாத ஒரு ஹாஸ்டல் சாவிக்கு வாயைத் திறந்துவிட்டது. அப்படியானால் மாமா எடுக்கவில்லை. அவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. இதை அத்தையிடம் போய் எந்த வாயால் சொல்லுவது? பல் டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இந்தப் பூட்டு வேட்டைக்கே அண்ணன்தான் காரணம். வீட்டுக்குக் கேமரா மாட்டுவது, விரல் வைத்தால் திறக்கிற பூட்டு விற்பது, இதுதான் அவன் தொழில். வருகிற வெள்ளிக்கிழமை புதுக் கடை திறக்கிறான். வாசலிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் தாத்தாவின் பூட்டுகள், மேலே 'மூன்று தலைமுறைப் பாதுகாப்பு' என்று பெரிய எழுத்து. அந்தப் பெட்டியை ரிப்பன் வெட்டித் திறக்கப்போவது அத்தை. "உனக்குத்தான் இண்டு இடுக்கெல்லாம் நோண்டி வழக்கமாச்சே, நீயே தேடிப் பிடி" என்று தங்கை தலையில் கட்டிவிட்டான். அவளும் மூன்று வாரமாக சைக்கிள் கடை, மூடிக்கிடந்த பள்ளிக்கூடம், நோயாளிகள் வீட்டுப் பரண் என்று அலைந்து ஐந்தாறு பூட்டு சேர்த்திருந்தாள். நடுநாயகமாக வைக்க அத்தை 4117-ஐத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தாள். "திறக்க முடியாதுடி டாக்டரம்மா, மேலே மட்டும் பளபளன்னு பண்ணிக் கொண்டா" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்துப் பூட்டின் உள்ளே பிடித்தாள். வளையத்தின் அடிப்பகுதியில், பூட்டியிருக்கும்போது உள்ளே மறைந்துவிடுகிற இடத்தில், ஊசி முனை அளவுக்கு நாலு புள்ளிகள். ஹாஸ்டல் பூட்டிலும் அதே இடத்தில் நாலு புள்ளி. பள்ளிக்கூடத்துப் பூட்டைத் திறந்து பார்த்தாள், ஒரே ஒரு புள்ளி. சைக்கிள் கடைப் பூட்டில் ஆறு. எல்லாவற்றையும் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மதியத்துக்கு மேல் வர வேண்டிய நாலு பேருக்கும் போன் செய்து நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, கிளினிக்கைச் சாத்தினாள்.

பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். "என்ன டாக்டர், காலைலதான் வந்தீங்க? பூட்டு சரியில்லையா?" என்றார்.

"உங்ககிட்ட சாவி இல்லாத பூட்டு கிடக்குதுன்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் காட்டுங்க."

ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காலால் தள்ளிவிட்டார். தாத்தாவின் பூட்டுகள் ஒன்பது இருந்தன. அவள் தரையிலேயே உட்கார்ந்து ஹாஸ்டல் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது திறந்தது. எட்டாவது திறந்தது. இரண்டிலும் நாலு புள்ளி. அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"இதுக்கு ஏன் டாக்டர் இவ்வளவு கஷ்டப்படறீங்க? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. இந்தக் கம்பெனிப் பூட்டுக்கு மொத்தம் ஆறு சாவிதான். எங்க அப்பா ஒரு வளையத்துல ஆறையும் கோத்து வெச்சிருந்தார். எது வந்தாலும் ஆறுல ஒண்ணு கண்டிப்பா திறக்கும்."

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்கு மட்டுமா? எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். திருட்டுப் பசங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், அவங்களுக்குத் தெரியாத பூட்டு ஏது?" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். "காசு கொடுத்து வாங்கினவங்களுக்குத்தான் தெரியாது."

இது யாருடைய தாத்தாவின் பூட்டு என்று அந்த நல்ல மனுஷருக்குத் தெரியாது. ஆர்வமாக வாங்குகிறாளே என்று ஒரு உபகாரம் செய்ய நினைத்து, உள்ளே போய், தகரங்களை உருட்டி, ஒரு விளம்பரப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனாமல் பூசிய பழைய தகரம். ஓரமெல்லாம் துரு. நடுவில் கையகலத்துக்கு ஒரு பூட்டின் படம், நெற்றியில் 4117. கீழே சிவப்பு எழுத்தில் இப்படி இருந்தது: 'நீதிமன்றமே நம்பிய பூட்டு. சாவி இல்லாமல் திறக்காது. திறந்தவன் தப்பவில்லை!'

திறந்தவன் தப்பவில்லையாம். அவள் அதை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிக்க முடியாமல் கண் மறைத்தது. மகளின் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு, அதையே தகரத்தில் அடித்துத் தெருத்தெருவாக மாட்டிப் பூட்டு விற்றிருக்கிறார் மனுஷர். வழக்குக்கு அப்புறம்தான் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது என்று அப்பா சின்ன வயதில் பெருமையடித்தது அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

ஆனாலும் தாத்தா இல்லையா, மனசு ஒரு சாக்குத் தேடியது. கூலியாட்கள் சோம்பேறித்தனப்பட்டு ஆறே ஆறு அச்சில் சாவி வெட்டித் தள்ளியிருக்கலாம். அவருக்குத் தெரியாமலேயே நடந்திருக்கலாம். தெரியாமல் செய்த சத்தியம் பொய்ச் சத்தியம் ஆகுமா? வழியெல்லாம் இப்படித் தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு, 'ஆறு' என்ற எண் மட்டும் எங்கேயோ இடித்தது. அண்ணனும் அத்தையும் இருக்கிற தாத்தா வீட்டுத் தெருமுனை வந்தபோதுதான் எங்கே என்று தெரிந்தது. அடுப்படிச் சுவரில் கரண்டி மாட்டுகிற பலகை. கொட்டகையைக் காலி செய்தபோது வீட்டுக்கு வந்த சாமான். அதில் ஆறு ஆணி.

அண்ணன் கூடத்தில் போனில் யாரோடோ கண்ணாடிப் பெட்டியின் அகலத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குப் போய்க் கரண்டிகளை இறக்கி வைத்துவிட்டு, கத்தி முனையால் பெயிண்டைச் சுரண்டினாள். மூன்று கலர் உரிந்த பிறகு, முதல் ஆணிக்கு மேல் ஒரு புள்ளி. இரண்டாவதற்கு இரண்டு. ஆறாவதற்கு ஆறு. கரண்டி தொங்கிய இடத்தில்தான் அந்தக் காலத்தில் மாதிரிச் சாவிகள் தொங்கியிருக்கின்றன. திருகாணியைக் கழற்றிப் பலகையைத் திருப்பினாள்.

பின்பக்கம் கறுப்பு மையில் எழுத்து. கொம்பை ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாக முறுக்கி எழுதுவது தாத்தாவின் வழக்கம். வீட்டில் பழைய கடுதாசி எதை எடுத்தாலும் அந்தக் கொம்புதான். இங்கேயும் அதே கொம்பு: 'விற்கும்போது கவனம். ஒரே தெருவுக்கு அதே புள்ளிப் பூட்டு இரண்டாம் தரம் போகக் கூடாது. கேட்டால், எல்லாம் வெவ்வேறு என்று சொல்லவும்.' கீழே கையெழுத்து, தேதி. வழக்கு நடந்ததற்கு நாலு வருஷம் முந்தைய தேதி.

அவள் பலகையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேடின சாக்கெல்லாம் தவிடுபொடி. வெறும் பொய்ச் சத்தியம் மட்டும் இல்லை இது, கூண்டில் ஏறி மருமகனைத் தன் கையால் தள்ளிவிட்டிருக்கிறார். ஆறு சாவி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் கடை போய்விடும், சொல்லாவிட்டால் மகள் வாழ்க்கை போய்விடும். மனுஷர் கடையை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். "ஏய், என்ன பண்ணி வெச்சிருக்கே? அடுப்படியே போர்க்களம் மாதிரி..."

அவள் பலகையைக் கொடுத்தாள். படித்தான். டப்பாவிலிருந்து 4117-ஐ எடுத்து ஹாஸ்டல் சாவியால் அவன் கண் முன்னாலேயே திறந்து காட்டினாள். அவனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தவன், குரலை இறக்கி, "யார்கிட்டயாவது சொன்னியா?" என்றான். பூட்டு வியாபாரியின் பேரன் இல்லையா, முதலில் அந்தக் கேள்விதான் வந்தது.

"மாமா எடுக்கலைண்ணா. அவர் மூணு வருஷம் சும்மா உள்ள இருந்திருக்கார்."

"புரியுது. ஆனா அத்தைக்கு இதைச் சொல்லி என்ன ஆகப்போவுது? அவர் செத்தே முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 'உன் புருஷன் நல்லவர், நீதான் தப்பா நினைச்சிட்டே'ன்னு எழுபத்தொன்பது வயசுல சொல்லணுமா? அவங்க தாங்குவாங்களா? கடைக்காகச் சொல்றேன்னு நினைக்காதே."

கடைக்காகவும்தான் சொன்னான். ஆனால் அவன் சொன்னதில் நியாயமும் இருந்ததுதான் பல் டாக்டரைக் கொன்றது. சொன்னால் மாமாவின் பெயர் சுத்தமாகும். அதே நிமிஷம் அத்தை நிமிர்ந்து நிற்கிற தரை காலடியில் நழுவும். என்ன செய்வது என்று அவள் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"பூட்டெல்லாம் வந்துடுச்சாமே? எங்கே, பார்க்கலாம்" என்று அத்தை வந்து நின்றாள். வெள்ளிக்கிழமைக்கு என்று எடுத்த புதுச் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தபடியே வந்திருந்தாள். அவள் கண் நேரே அடுப்பு மேடைக்குப் போயிற்று. மேடையில் 4117, வளையம் தூக்கியபடி கிடந்தது. அண்ணன் சட்டென்று கையால் மறைக்கப் பார்த்தான். நேரம் கடந்துவிட்டது.

"உடைச்சிட்டியாடி?" அத்தையின் குரல் கிறீச்சிட்டது. "படிச்சுப் படிச்சு சொன்னேனே, மேலே மட்டும் துடைன்னு!"

"உடைக்கலை அத்தை."

"அப்புறம் எப்படித் திறந்துச்சு? இதுக்குச் சாவியே கிடையாதே."

சாவி பூட்டிலேயே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள். "இது யார் சாவி?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அத்தை பூட்டுக்காரர் மகள், பூட்டைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாவியை உருவினாள், டப்பாவில் கிடந்த ஹாஸ்டல் பூட்டில் போட்டாள். திறந்தது. உருவி மறுபடி 4117-ஐப் பூட்டித் திறந்தாள். திரும்ப அதை, திரும்ப இதை. ஏழெட்டுத் தடவை. பிறகு அண்ணன் கையில் இருந்த பலகையை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, தன் அப்பாவின் கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். தோளில் கிடந்த புதுச் சேலை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"அத்தை, உட்காருங்க" என்றான் அண்ணன். "பழைய கதை அத்தை. தாத்தா ஏதோ அந்தக் காலத்துல..."

"வந்தார்டா" என்றாள் அத்தை.

"யாரு?"

"உங்க மாமா. விட்டதும் நேரா இங்கதான் வந்தார். உங்க யாருக்கும் தெரியாது, நான் சொன்னதில்லை. எங்க அப்பா கடைக்குப் போயிருந்தார். நான் மாடி ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன், அவர் தெருவுல நின்னார். எலும்பும் தோலுமா இருந்தார். சாப்பாடு கேட்கலை. என்னைக் கூப்பிடவும் இல்லை." அத்தையின் கை பூட்டைப் பூட்டியது, திறந்தது, பூட்டியது. "உள்ளே ஒருத்தன் சொன்னானாம், இந்தப் பூட்டு வேற சாவிக்கும் திறக்கும்னு. 'அந்தப் பூட்டு உன்கிட்டதான் இருக்குதுன்னு கேள்விப்பட்டேன். கீழே போட்டுடு, கடைல இருந்து ஒரு பத்து சாவி கொண்டு வா, இங்கயே தெருவுலயே நின்னு போட்டுப் பார்க்கிறேன், திறக்கலைன்னா இப்படியே போயிடறேன்'னார்."

பல் டாக்டர் அத்தையின் அருகே வந்தாள். "நீங்க என்ன சொன்னீங்க அத்தை?"

"என்ன சொன்னேனா? ஜெயிலுக்குப் போயும் எங்க அப்பா பூட்டை உடைக்க வழி கத்துக்கிட்டு வந்திருக்கியான்னு கேட்டேன். தெருவே கேட்கற மாதிரி கேட்டேன். கேட்டுட்டு ஜன்னலைச் சாத்திட்டேன்." அவள் அழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. "பூட்டு எனக்குப் பின்னால அலமாரியில இருந்துதுடா. கை நீட்டினா எட்டும். கடை அடுத்த தெரு. சாயங்காலம் வரைக்கும் எதிர்த்த வீட்டுச் சுவர் ஓரமா நின்னுட்டிருந்தார், நான் கதவிடுக்குல பார்த்தேன். அப்புறம் ஆளைக் காணோம்."

கூடத்தில் அண்ணன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்காரனாக இருக்கும்.

அத்தை பல் டாக்டரின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நீதான் இன்னைக்குப் போட்டுப் பார்த்தவ. பத்து சாவியையும் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆகும் அத்தை, அவ்வளவு சுலபமாகத் திறக்காது, துரு ஏறியிருக்கும், அப்போதும் திறந்திருக்காது என்று என்னென்னவோ சொல்ல நினைத்தாள். அத்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம் அத்தை" என்றாள்.